பழைய கொமிக்ஸ் வியாபாரம்: இணைய வரி யாருடைய பையில் கை வைக்கிறது?

பழைய கொமிக்ஸ் புத்தகம் எடைக்குப் போடும் காகிதமல்ல என்பது இப்போது பழைய பேப்பர்க் கடை வைத்திருப்பவர்களுக்கும் தெரியும். முன்பு கிலோக்கணக்கில் வாங்கிச் சரை சுற்றுவதற்காகக் கிழிக்கப்பட்ட இதழ்களுக்கு இன்று கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விலை கேட்கிறார்கள். பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய தளபாடம் என்று கைமாற்று வியாபாரத்தில் அனுபவமுள்ள நம்மவர்களுக்கு இது பொருத்தமான துணைத் தொழில்தான். ஆனால் கேட்ட விலைக்கு விற்றோம், இலாபம் என்று நினைத்த பலர் பொதி போய்ச் சேர்ந்த பிறகு தலையைச் சொறிகிறார்கள். வாங்கியவர் வரி கட்ட மறுத்துப் பொதியைத் திருப்பி அனுப்புகிறார், அல்லது விற்பனைத் தளம் எதிர்பாராத தொகையைக் கழித்துக்கொள்கிறது. இது எங்கே நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

எந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிவகாசியிலிருந்து 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984 இல் வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தொடங்கி 2005 வரை வெளிவந்த ராணி காமிக்ஸ், வேதாளன் கதைகளைத் தமிழில் தந்த இந்திரஜால் காமிக்ஸ் ஆகியவையே தமிழ்ச் சேகரிப்பாளர்கள் தேடுபவை. இந்திரஜால் 1990 உடன் நின்றுவிட்டது. லயன், முத்து இன்னும் வருகின்றன. பழைய கதைகளை மறுபதிப்பாகவும் போடுகிறார்கள். மறுபதிப்பு வந்தால் வாசிக்க மட்டும் தேடுபவர் விலகிவிடுவார். முதற் பதிப்பையே வேண்டும் சேகரிப்பாளர் விலகமாட்டார். விலையை வைத்திருப்பவர் இந்த இரண்டாமவர்தான்.

யாழ்ப்பாணத்தில் இவ்விதழ்கள் ஏன் அருமையாகின என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1981 இல் பொது நூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் குடாநாட்டு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெரு வீடுகளில் விட்டுவந்தவற்றை யாரும் கணக்கெடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வந்ததே குறைவு. இத்தனைக்கும் தப்பிய ஒரு பிரதி, அட்டை கழலாமல் இருந்தால், அதற்கு விலை இருக்கத்தானே செய்யும்! அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார். வரிச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வாங்குபவரின் முகவரிதான் வரியைத் தீர்மானிக்கிறது

நமது வியாபாரிகள் பலர் வரி என்றால் விற்பவருடைய நாட்டு வரி என்றே எண்ணுகிறார்கள். கடையில் நேரே விற்கும்போது அது சரி. இணையத்தில் பொருள் போய்ச் சேரும் முகவரி எந்த நாட்டில், அமெரிக்காவாயின் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த இடத்து வரியே விழுகிறது. வசூலிக்கும் பொறுப்பைப் பெரும்பாலான நாடுகள் இப்போது விற்பனைத் தளத்தின் தலையில் கட்டிவிட்டன.

இதற்கு வழி திறந்தது அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு. 1992 இல் குவில் என்ற வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ களஞ்சியமோ இல்லாத விற்பனையாளரிடம் அந்த மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று தீர்ப்பாகியிருந்தது. அதனால் கால் நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்கக் கொமிக்ஸ் சேகரிப்பாளர்கள் வேறு மாநிலத்து விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கிப் பெரும்பாலும் வரியின்றித் தப்பினார்கள். 2018 ஜூன் 21 அன்று, தென் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபெயர் என்ற தளபாட நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அத்தீர்ப்பு 5 க்கு 4 என்ற கணக்கில் மாற்றப்பட்டது. ஒரு மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 1 இலட்சம் டொலருக்கு மேல் அல்லது 200 விற்பனைக்குக் குறையாமல் செய்பவர் வரி வசூலிக்க வேண்டும் என்பது அப்போது தென் டகோட்டாவின் சட்டமாக இருந்தது. 200 விற்பனை என்பது சில்லறையாக இதழ் விற்கும் கொமிக்ஸ் வியாபாரிக்கு ஒன்றுமேயில்லை என்பதைக் கவனிக்க. பின்னர் ஒவ்வொரு மாநிலமாக, ஈபே போன்ற தளமே வரியை அறவிட்டுக் கட்ட வேண்டுமென்று சட்டம் இயற்றியது. கடைசியாக மிசூரி 2023 ஜனவரி 1 இல் வந்து சேர்ந்தது.

ஆகவே தளத்தின் ஊடாக அமெரிக்காவுக்கு ஓர் இதழ் விற்றால் வரியை நீங்கள் வசூலிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். தளம் பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள்.

ஒரு பழைய இதழை 50 டொலருக்கு விற்கிறீர்கள். தபால் 15 டொலர். வாங்குபவர் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனில் இருக்கிறார். அங்கே 8.25 வீதம், தபாற் செலவுக்கும் சேர்த்தே வரி. 65 டொலருக்கு 5.36 டொலர். வாங்குபவர் கட்டுவது 70.36. இப்போது தளம் தன் கொமிஷனை எதன்மேல் கணக்கிடுகிறது? உங்களுக்கு வரும் 65 மேல் அல்ல. வாங்குபவர் கட்டிய 70.36 மேல். கொமிஷன் நூற்றுக்கு 13 என்று வைத்துக்கொண்டால் 8.45 க்குப் பதிலாக 9.15 டொலர் போகிறது. உங்கள் கைக்கு வரவே வராத வரிப்பணத்துக்கு 70 சதம் கொமிஷன் கொடுக்கிறீர்கள். ஓர் இதழில் அது சிறிது. நூறு இதழில் ஒரு நல்ல பிரதியின் விலை.

இதைவிடப் பெரியது வாங்குபவரின் மனக்கணக்கு. சேகரிப்பாளர் 60 டொலருக்கு மேல் போகமாட்டேன் என்று தீர்மானித்திருந்தால், அந்த 60 க்குள் தபாலும் வரியும் அடங்கவேண்டும். அதாவது வரி ஏறினால் அவர் கூடுதலாகக் கொடுப்பதில்லை. உங்கள் விலையைக் குறைக்கிறார். ஏலத்தில் இது வெளிப்படையாகவே தெரியும். பெரிய இடத்து உதாரணம் ஒன்று: 1938 இல் 10 சதத்துக்கு விற்ற அமெரிக்காவின் அக்ஷன் கொமிக்ஸ் முதலாம் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் டலஸ் நகரின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 60 இலட்சம் டொலருக்குப் போனது. அதே டெக்சஸ் வீதத்தில் வரி விழுந்திருந்தால் வரி மட்டும் 4 இலட்சத்து 95 ஆயிரம் டொலர்! ஏலம் கேட்பவர் இதைக் கணக்கில் வைக்காமல் கையை உயர்த்துவாரா? நமது 50 டொலர் ராணி காமிக்ஸிலும் அதே மனம்தான் வேலை செய்கிறது.

இன்னுமொன்று. பழைய பொருள் கைமாறும் ஒவ்வொரு தடவையும் அமெரிக்க விற்பனை வரி விழும். முதலில் வாங்கியவர் கட்டினார், அவரிடம் வாங்கியவர் கட்டினார், மூன்றாமவரும் கட்டுவார். இறுதிப் பாவனைக்கு வாங்குபவர்தான் வரி கட்டவேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. ஆகவே மறுவிற்பனைக்கு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரி அதற்கான சான்றிதழைத் தளத்துக்குக் கொடுத்து வரி விலக்குப் பெறலாம். அமெரிக்காவில் உறவினரை வைத்துப் பழைய இதழ் வாங்கி விற்பவர்கள் இந்தச் சான்றிதழை எடுக்காமல், வரியையும் கட்டி, அதை முதலுக்குள் போட்டு, விலை போகவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

புத்தகமா, சஞ்சிகையா?

மற்ற நாடுகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே வீதத்தைவிடப் பெயர்தான் முக்கியம். ஐக்கிய இராச்சியத்தில் வற் வரி 20 வீதம். ஆனால் அச்சிட்ட புத்தகம், சஞ்சிகை, கொமிக்ஸ் எல்லாவற்றுக்கும் பூச்சிய வீதம். 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண் வரையான பொதிகளுக்குத் தளமே வற் அறவிட வேண்டும் என்று மாற்றியபோதும் கொமிக்ஸ் அடிபடவில்லை. லண்டன் வாடிக்கையாளர் நமக்கு இலாபமானவர் என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதே பொதிக்குள் பொம்மையோ பிளாஸ்டிக் சாமானோ சேர்த்து அனுப்பினால் அந்தப் பகுதிக்கு 20 வீதம் வரும். இலவசம்தானே என்று எதையும் உள்ளே திணிக்கவேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த விலக்கு 2021 ஜூலை 1 உடன் போய்விட்டது. பிரான்ஸில் புத்தகத்துக்கு 5.5 வீதம். 20 யூரோ இதழும் 10 யூரோ தபாலும் என்றால் வரி 1.65 யூரோதான். ஆனால் தளத்தின் ஊடாகச் செல்லாமல் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய பொதியாயின், தபால்காரர் வாசலில் நின்று வரியோடு தன் கையாளுகைக் கட்டணத்தையும் கேட்பார். அது வரியைவிடப் பெரிதாக இருக்கும். பொதி திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். சுவிற்சர்லாந்தில் புத்தகத்துக்கு 2.6 வீதம்; வரித் தொகை 5 பிராங் வரையாயின் அறவிடுவதில்லை. அதாவது தபாலும் சேர்த்து ஏறக்குறைய 190 பிராங் பெறுமதி வரை வரியில்லாமல் போகும். சூரிச்சுக்குச் சிறு சிறு பொதியாக அனுப்புபவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

கனடாவில் தபாலில் வரும் 20 கனேடிய டொலருக்கு மேற்பட்ட பொதிக்கு வரி உண்டு. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மொத்தம் 13 வீதம். அச்சுப் புத்தகமாயின் மாகாணப் பங்கான 8 வீதத்தை விட்டு 5 வீதம் மட்டும் கட்டினால் போதும். தனி இதழாக விற்கும் சஞ்சிகைக்கு அந்தச் சலுகை இல்லை. இப்போது கேள்வி: ராணி காமிக்ஸ் புத்தகமா, சஞ்சிகையா?

சுங்கத்தின் சர்வதேச வகைப்படுத்தலில் இதற்கு விடை இருக்கிறது. புத்தகம் 4901, பத்திரிகையும் சஞ்சிகையும் 4902, சிறுவர் படப் புத்தகம் 4903. தொடராக வரும் தனி இதழ் 4902 இல் விழும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்களை ஒரே அட்டைக்குள் சேர்த்த தொகுப்பு, அல்லது காகிதம் அல்லாத அட்டையில் கட்டிய இதழ்கள், 4901 க்குப் போகும். அந்தக் காலத்தில் வீட்டில் பத்து இதழைச் சேர்த்துக் கலிக்கோ பைண்டிங் செய்து வைப்பார்கள் அல்லவா, சேகரிப்பாளர் அதைக் கண்டால் முகம் சுளிப்பார். ஓரம் வெட்டிய இதழுக்கு அவரிடம் மதிப்பில்லை. சுங்கத்துக்கோ அது முழுப் புத்தகம். இரண்டு உலகமும் இரண்டு கணக்கு.

சேகரிப்புப் பொருள் என்று 9705 இல் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது வரலாறு, தொல்பொருள், நாணயம் போன்ற ஆர்வமுள்ள பொருட்களுக்கானது. தபாலில் போகும் பழைய இதழுக்கு அந்தப் பெயர் வைத்தால் சோதனையைத்தான் வரவழைக்கும்.

உள்ளே கொண்டுவரும்போது

விற்பதற்கு முதலில் வாங்கவேண்டும். குடாநாட்டில் கிடைப்பது அருகிவிட்டதால் பலர் சென்னையிலிருந்து எடுக்கிறார்கள். பலாலி விமான சேவையும் காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலும் வந்த பிறகு இது இலகுவாகியிருக்கிறது. இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கும் சஞ்சிகைக்கும் ஜீ.எஸ்.ரி. இல்லை. ஆயினும் இந்தியத் தளத்தில் வாங்கும் விலைக்குள் வரி ஒளிந்திருக்கிறது. தளம் விற்பனையாளரிடம் எடுக்கும் கொமிஷனுக்கு 18 வீத ஜீ.எஸ்.ரி. உண்டு. வரியுள்ள பொருள் விற்பவர் அதைக் கழித்துக்கொள்வார். புத்தகம் மட்டும் விற்பவருக்குக் கழிக்க வழியில்லை. 100 ரூபா இதழுக்குக் கொமிஷன் 15 ரூபாயானால் 2 ரூபா 70 சதம் விலையில் ஏறிவிடும். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் நேரே வாங்குபவருக்கு இந்தச் செலவு கிடையாது. கால்நடையாகப் போய்த் தேடுபவருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது!

அமெரிக்காவில் வாங்குவதாயின், யாழ்ப்பாண முகவரிக்கு நேரே அனுப்பும் பொருளுக்கு அங்குள்ள விற்பனை வரி விழாது. அங்கேயுள்ள உறவினர் வீட்டுக்கோ பொதி அனுப்பும் முகவர் நிலையத்துக்கோ அனுப்பினால் அந்த மாநில வரி விழும். டெலவெயர், ஒரிகன், மொன்டானா, நியூ ஹம்ப்ஷயர் ஆகியவற்றில் விற்பனை வரி கிடையாது. முகவர் நிலையங்கள் டெலவெயரிலும் ஒரிகனிலும் முகவரி தருவதன் இரகசியம் இதுதான்.

இலங்கையில் 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதமாக உயர்ந்தபோது பல விலக்குகள் நீக்கப்பட்டன. புத்தகமும் அதில் அகப்பட்டது. வெளியீட்டாளர்கள் குரல் கொடுத்ததை வாசகர்கள் அறிவர். இந்தப் பட்டியல் அடிக்கடி மாறுவதால் பொதி வரும் நாளில் உள்ள சுங்கத் தீர்வைப் பட்டியலில் 4901, 4902, 4903 ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வரி உண்டு என்றால் கணக்கு எப்படி? பொருள் விலை, காப்புறுதி, கப்பல் அல்லது தபால் கூலி சேர்த்து 10,000 ரூபா என்போம். சுங்கம் அதற்கு மேல் 10 வீதம் கூட்டி 11,000 ஆக்கும். வேறு தீர்வை இல்லாவிட்டால் 18 வீதம் 1,980 ரூபா. 2.5 வீத சமூகப் பாதுகாப்பு அறவீடும் உண்டு என்றால் இன்னும் 275. மொத்தம் 2,255. அதாவது இரண்டும் சேர்ந்து 20.5 வீதம் என்று வாயால் சொல்வது கையில் 22.55 வீதமாகிறது. வற் பதிவுள்ளவர் அந்த 1,980 ஐத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். பதிவில்லாத சிறு வியாபாரிக்கு அது முழுவதும் முதல்தான். விலை வைக்கும்போது இதை மறந்தால் இலாபம் என்று எண்ணியதைச் சுங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவேண்டியதுதான்.

வற் பதிவுக்கான எல்லை 2024 இல் ஆண்டுக்கு 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதை 3 கோடி 60 இலட்சமாக்கும் யோசனை 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. கொமிக்ஸ் மட்டும் விற்று இந்த எல்லையைத் தொடுவது கடினம். ஆனால் எல்லை மொத்த வியாபாரத்துக்கானது. வன்பொருட் கடையோ துணிக் கடையோ நடத்துபவர் அதே பெயரில் இதையும் செய்தால் இரண்டும் கூட்டித்தான் பார்க்கப்படும். வற் எல்லைக்குக் கீழே இருப்பது வருமான வரிக்கு விலக்கு என்றும் ஆகாது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் வரி நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. எல்லா வருமானமும் சேர்த்தே அதனோடு ஒப்பிடவேண்டும்.

பேஸ்புக்கில் விற்றால் புதிய டிஜிட்டல் வரி வருமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 இல் கொண்டுவரப்பட்ட வற் திருத்தம், வெளிநாட்டு நிறுவனங்கள் இணையம் வழியாகத் தரும் சேவைகளுக்கானது. முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று அறிவித்துப் பின்னர் தள்ளிப்போட்டார்கள். அச்சிட்ட இதழ் சேவையல்ல, பொருள். ஆனால் வெளிநாட்டுத் தளத்தின் கட்டணமும் விளம்பரச் செலவும் சேவை. உங்கள் இதழ் அந்த வரியில் அகப்படாவிட்டாலும் அதை விற்கும் செலவு அகப்படலாம்.

அட்டையில் உள்ள விலை

பழைய இதழ்களில் அட்டை விலை 2 ரூபா, 3 ரூபா என்றிருக்கும். சுங்கப் படிவத்தில் அதையே எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு யோசனை நம்மிடையே உலாவுகிறது. சுங்கம் கேட்பது உண்மையில் கொடுக்கப்பட்ட விலையை. உலகம் முழுதும் பெறுமதிக் கணிப்பின் அடிப்படை அதுவே. 15,000 ரூபாவுக்கு விற்ற இதழை 2 ரூபா என்று எழுதுவது பொய் வெளிப்படுத்தல். பொருள் பறிமுதலாகவும் தண்டம் விழவும் இடமுண்டு. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பதும் அதே வகை. பொய் எழுதுவது தப்பு என்பதை விட்டாலும், வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் இது நட்டம். பொதி தொலைந்தால் இழப்பீடு எழுதிய பெறுமதிக்கு மேல் கிடையாது. 2 ரூபா என்று எழுதியவருக்கு 2 ரூபாதான்.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் கட்டளையை ஏற்குமுன் தபால் நிலையத்தில் விசாரிக்கவும். 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அந்நாடு 2025 ஓகஸ்ட் 29 உடன் நிறுத்தியபோது, இந்தியத் தபால் உட்படப் பல நாடுகளின் தபால் சேவைகள் அங்கே பொதி எடுப்பதைச் சிலகாலம் நிறுத்தின. பணம் வாங்கிய பின் பொதி போகாவிட்டால் வாடிக்கையாளரும் போய்விடுவார்.

படிவத்தில் பொருள் விபரத்தை மொட்டையாகப் புத்தகம் என்று எழுதவேண்டாம். பழைய அச்சிட்ட தமிழ்க் கொமிக்ஸ் இதழ், எத்தனை பிரதி, இலக்கம் 4902, விற்ற விலை இவ்வளவு, தபால் கூலி தனியாக இவ்வளவு என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, விலைச்சிட்டையின் பிரதியொன்றைப் பொதியின் வெளியுறையில் வைத்து ஒட்டவும். மற்றப் பிரதியை உங்கள் கோப்பில் வையுங்கள்.